அரிசித் தட்டில் ஒரு விரல்

அந்த நாற்காலியில் உட்காராதே அம்மா, அதற்கு ஒரு கால் ஆடும். இங்கே என் பக்கத்தில் வா. பையை மடியில் வைத்துக்கொள். கீழே வைத்தால் சக்கர நாற்காலி தள்ளுகிறவர்கள் அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போவார்கள். சீட்டு போட்டுவிட்டாயா? கொடு, பார்க்கிறேன். சரியாகத்தான் இருக்கிறது.

அப்பாவைத்தானே அந்த அறையில் டாக்டர் பார்க்கிறார்? பக்கவாதமா? வலது பக்கமா? பேச்சு... சரி, சரி, நீ சொல்ல வேண்டாம். உன் முகமே சொல்கிறது. முதல் நாள் எல்லாரும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி. நான் இங்கே பழைய ஆள். எதுவானாலும் என்னைக் கேள்.

என் பெயர் சண்முகவடிவு. கோவில்பட்டியில் வடிவு டீச்சர் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். ஒன்றாம் வகுப்பு. வேலை பார்த்த காலம் முழுக்க ஒன்றாம் வகுப்புதான். "அஞ்சாங்கிளாஸ் எடுத்துக்கோங்க டீச்சர், கொஞ்சம் ஓய்வா இருக்கும்" என்று தலைமையாசிரியர் எத்தனையோ தடவை சொன்னார். மாட்டேன் என்றுவிட்டேன். பென்சில் பிடிக்கத் தெரியாமல் வருகிற பிள்ளையை 'அ' எழுத வைப்பது ஒரு ருசி. அது பழகிவிட்டால் வேறு எதுவும் பிடிக்காது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட என்னை அந்தப் பெண் இன்றைக்கு வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டாள்.

அதோ பச்சைத் திரை தொங்குகிறதே, அதற்கு உள்ளேதான் என் வீட்டுக்காரர் இருக்கிறார். பெனிட்டா பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிசியோ பெண். என் மகள் வயதுகூட இருக்காது. "டீச்சரம்மா, நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருங்க" என்றாள். பெண்டாட்டியைப் போய் வெளியே இரு என்று யாராவது சொல்வார்களா? அவருக்குத் தண்ணீர் தவித்தால் யார் கொடுப்பார்கள்? கேட்க வராதே அவருக்கு. எனக்கென்றால் கண்ணைப் பார்த்தே தெரியும்.

கோபமா? கோபமெல்லாம் இல்லை. என்னவோ போல இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தா, அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொடு. மூடி இறுகியிருக்கிறது பார். நான் திறந்து தருகிறேன். குடி.

அவர் பெயர் செண்பகராமன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். கழுகுமலைத் தடம் என்றால் அவர்தான். கண்டக்டருக்கு விரல்தான் எல்லாம். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் கம்பியைப் பிடிக்காமல் நிற்பார். பேசிக்கொண்டே சீட்டைக் கிழித்து நீட்டுவார், ஒரு தடவைகூட இரண்டு சீட்டு சேர்ந்து வராது. அந்தக் கையா என்று இருக்கிறது இப்போது பார்க்கும்போது.

அன்றைக்குக் காலையில் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். நான் அடுப்பில் தோசைக் கல்லை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறேன், பட்டனைப் பிடிக்கிறார், அது நழுவுகிறது, பிடிக்கிறார், நழுவுகிறது. "என்னங்க, சின்னப் பிள்ளை மாதிரி" என்று நான்தான் போய்ப் போட்டுவிட்டேன். மேலிருந்து கீழ்வரை எல்லாப் பட்டனும். காலரையும் இழுத்துச் சரிசெய்து அனுப்பினேன். தெரு முக்குக் கடை வாசலில் போய் விழுந்தார்.

மகள் சங்கரி பெங்களூரிலிருந்து ஓடி வந்தாள். டாக்டரிடம் பேசிவிட்டு என்னிடம் வந்து, "காலையில கையில வித்தியாசம் ஒண்ணும் தெரியலையாம்மா?" என்று கேட்டாள். ஒன்றும் தெரியவில்லை என்றேன். புதுச் சட்டை அம்மா அது. பட்டன் துளை இறுக்கமாக இருந்தது. உண்மையாகவே இறுக்கம்தான், பிறகு நான் போட்டுக்கூடப் பார்த்தேன். அதற்காக என்னை யாரும் குற்றம் சொல்ல முடியாது. யாரும் சொல்லவும் இல்லை.

அதை விடு.

ஆரம்பத்தில் அவரைப் போலக் கருத்தாகப் பயிற்சி செய்த ஆள் இந்த ஆஸ்பத்திரியிலேயே கிடையாது. கேட்டுப் பார், சொல்வார்கள். வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் நிற்கிற மாதிரி காலை அகட்டி நிற்பார். கம்பியை விடுவார், தள்ளாடுவார், பிடிப்பார், மறுபடியும் விடுவார். நான் பின்னாலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இடது கையால் என்னைத் தள்ளிவிடுவார். நான் மறுபடியும் பிடிப்பேன். விழுந்துவிட்டால்? ஒரு தடவை விழுந்தது போதாதா?

கால் கொஞ்சம் தேறியது. கைதான் கிடந்தது கிடந்தபடி. அப்போது பெனிட்டா சொன்னாள், "ஒரு தட்டுல அரிசியைப் பரப்பி அதுல கையை விடச் சொல்லுங்க டீச்சரம்மா. சும்மா அளைஞ்சாப் போதும்."

அரிசித் தட்டு என்றதும் எனக்கு வேறு என்ன தோன்றும், நீயே சொல். ஒவ்வொரு விஜயதசமிக்கும் எத்தனை பிள்ளைகளை மடியில் வைத்து, விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைத்திருக்கிறேன். "இதுக்குன்னே படிச்சவ மாதிரி நான் இருக்கேன், நீங்க கவலைப்படாதீங்க" என்று அவரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். பாதி வாய்ச் சிரிப்புதான். அன்றைக்குச் சிரித்தார்.

காலையில் குளித்து, திருநீறு பூசி, பித்தளைத் தட்டில் பச்சரிசி பரப்பி உட்காருவோம். அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து நான் எழுதுவேன். சுழி, வளைவு, கோடு. சுத்தமான 'அ'. சில நாள் அவர் விரல் சொன்னபடி கேட்காது. நான் மேலே சுழித்தால் அது கீழே இழுக்கும். ஒரு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். பிடிவாதக்காரப் பிள்ளைகளின் கை அப்படித்தான். நான் விடமாட்டேன். அழுத்திப் பிடித்து வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

அதைத்தான் இன்றைக்குப் பெனிட்டாவிடம் சொன்னேன். வருகிறேன், அதற்கு வருகிறேன்.

முதல் நாள் எழுதியதைப் போனில் படம் எடுத்தேன். எங்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குழு இருக்கிறது, 'எங்கள் வீடு' என்று. அதில் போட்டு, 'அப்பா எழுதியது' என்று எழுதினேன். அடுத்த நிமிஷம் மஸ்கட்டிலிருந்து மகன் வேலவன் கூப்பிட்டு ஓவென்று அழுகிறான். "அப்பா, உங்களை மாதிரி யாருப்பா!" என்கிறான். சங்கரி, மருமகன், சம்பந்தி வீட்டார், எல்லாரும் கைதட்டுகிற பொம்மையாகப் போட்டுத் தள்ளினார்கள். வெளிநாட்டில் தனியாகக் கிடக்கிற பிள்ளை. அவன் சந்தோஷத்தை நான் கெடுத்திருக்க வேண்டுமா?

அது பொய்யா? அவர் விரல்தானே? அரிசியில் போனது அவர் விரல்தானே? நான் சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். இதில் பொய் எங்கே வந்தது?

பிறகு தினமும் ஒரு படம். 'அ' முடிந்து 'அம்மா'. அம்மா முடிந்து அவர் பெயர். படம் எடுக்கும்போது மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். வெட்கம் என்று நினைத்தேன்.

அப்புறம் குற்றாலிங்கம் அண்ணன் வந்தார். என் வீட்டுக்காரரின் தங்கை புருஷன், சங்கரன்கோவில். குடும்பத்தோடு வேனில் வந்து இறங்கினார்கள். அவர் வந்தாலே வீடு சந்தை மாதிரி ஆகிவிடும். உள்ளே நுழையும்போதே, "மச்சான், வாட்ஸப்புல பாத்தேன், பிரமாதம்! பாக்கிச் சில்லறையைச் சீட்டுக்குப் பின்னால எழுதி எழுதிப் பழகின கை ஆச்சே, சும்மாவா? எங்க, என் பேரை எழுதுங்க பாப்போம்!" என்றார்.

"பேரை எழுதச் சொல்லிட்டு நீங்க பாக்கி கேக்காம இருந்தாச் சரி" என்று அவர் பெண்டாட்டி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தட்டை எடுத்து வந்து வைத்தேன். வேறு என்ன செய்வேன்? அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி, தட்டில் வைத்தார். விரல் அரிசி மேல் கிடந்தது. எல்லாரும் குனிந்து பார்க்கிறார்கள். விரல் அப்படியே கிடக்கிறது. குற்றாலிங்கம் அண்ணன்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் நெற்றியில் நரம்பு புடைத்து நிற்கிறது. வேர்க்கிறது. எனக்குத் தாங்கவில்லை அம்மா. பத்துப் பேர் முன்னால் அவர் அப்படி உட்கார்ந்திருப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? "இப்பத்தான் மாத்திரை போட்டாரு, அசதி" என்று சொல்லிக்கொண்டே போய் விரலைப் பிடித்தேன். 'கு' எழுதினோம். எல்லாரும் கைதட்டினார்கள்.

அவர் மானத்தைக் காப்பாற்றினேன். அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

கைதட்டல் முடிகிறதற்குள் அவர் இடது உள்ளங்கையால் அந்த எழுத்தைத் துடைத்து, அரிசியை மட்டமாகப் பரப்பினார். அடுத்த எழுத்துக்கு இடம் பண்ணுகிறார் என்று நினைத்து, "பாருங்க, எவ்வளவு ஆர்வம்!" என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். சொன்னேன் அம்மா. இந்த வாயால்.

மறுநாளிலிருந்து தட்டில் கை வைக்கவில்லை.

கை மட்டும் இல்லை. ஜன்னல் கம்பி, பந்து பிடிக்கிற பயிற்சி, கால் பயிற்சி, எதுவும் கிடையாது. ஐப்பசி மழை முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் செய்யாதது இல்லை. சீராளம் என்றால் அவருக்கு உயிர், அந்தப் பலகாரத்தைச் செய்து வைத்தேன். கெஞ்சினேன். திட்டினேன். "வேலவனை நெனச்சுப் பாருங்க, உங்களை எவ்வளவு பெருமையாப் பேசுறான்" என்று சொன்னேன். அதைச் சொன்னால்தான் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொள்வார். காலண்டரில் நட்சத்திரம்கூட ஒட்டினேன், கடையில் விற்கிறதே, பிள்ளைகள் நோட்டில் ஒட்டுகிற தங்க நட்சத்திரம். எழுந்து உட்கார்ந்தால் ஒன்று. அவர் வேலை பார்த்த காலத்தில் அவர் மிரட்டினால் டிரைவர் வண்டியை நிறுத்துவார். அந்த ஆளுக்கு நட்சத்திரம்.

சிரிக்கிறாயா? சிரி, பரவாயில்லை. எனக்கே இப்போது சொல்லும்போதுதான் எப்படியோ இருக்கிறது.

ஊசி போட வேண்டும் என்று பொய் சொல்லித்தான் இன்றைக்கு ஆட்டோவில் ஏற்றி வந்தேன். பெனிட்டா அவர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "என்னய்யா, எங்களை மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். "அவருக்கு மனசு சரியில்லம்மா" என்றேன். "அய்யா சொல்லட்டும் டீச்சரம்மா" என்றாள். "அவருக்குச் சொல்ல வராது" என்றேன். "வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்ல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன்.

"வீட்டுல அரிசி அளையுறாரா?" என்று கேட்டாள். போனை எடுத்துப் படங்களைக் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "எழுத்து ரொம்ப அழகா இருக்கே" என்றாள். குரலில் பாராட்டு இல்லை. அப்போதுதான் நான் சொன்னேன், நான் பட்ட பாடு தெரியட்டும் என்றுதான் சொன்னேன்: "சும்மா வந்துருச்சா? நான் ஒரு பக்கம் எழுதினா அவரு விரல் ஒரு பக்கம் இழுக்கும். அழுத்திப் பிடிச்சுத்தான் எழுதணும்."

அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்தப் பக்கம் இழுத்துச்சு?"

"எந்தப் பக்கம்னா... கீழே. ஓரமா."

"எப்பவும் ஒரே பக்கமா?"

"இல்ல, ஒவ்வொரு நாள் ஒரு பக்கம்."

"நீங்க கையை எடுத்துட்டு எப்பவாவது பாத்தீங்களா டீச்சரம்மா?"

நான் போனை எடுத்துப் பைக்குள் வைத்தேன். "அது தசை இறுக்கமாவும் இருக்கலாம்" என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள், குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை. "அய்யாவா அசைச்சதாவும் இருக்கலாம். விட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

இங்கேயும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவர் அப்போது முகத்தைத் திருப்பினார். இத்தனை வாரத்தில் முதல் தடவை. என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார். பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஒரே ஒரு தடவை.

அதற்குப் பிறகுதான் என்னை வெளியே உட்காரச் சொன்னாள்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? பிள்ளைகளிடம் நான் எப்படி எழுத்து வாங்குவேன் தெரியுமா? கையைப் பிடித்து எழுதுவதெல்லாம் முதல் சில நாள்தான். அப்புறம் விட்டுவிட வேண்டும். விடுகிறேன் என்று சொல்லக் கூடாது. விட்டதும் அந்தப் பிள்ளையைப் பார்க்கவும் கூடாது. ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே மரத்தில் ஏதோ அதிசயம் இருக்கிற மாதிரி நின்றுகொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் பிள்ளைக்குக் கை ஓடாது. முத்துக்கருப்பன் என்று ஒரு பையன், அவனுக்காக எத்தனை நாள் அப்படி ஜன்னலைப் பார்த்து நின்றிருப்பேன். கோணல் மாணலாக ஒன்று போட்டுவிட்டு, "டீச்சர்!" என்று கத்தினான் பார். அந்தக் கோணல் 'அ'வை நான் திருத்தவே இல்லை. நாலு நாளைக்குத் திருத்தக் கூடாது. இதையெல்லாம் புதிதாக வருகிற டீச்சர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அவரிடம் மட்டும் ஏன் விடவில்லை?

பிள்ளைகளை விடும்போது எனக்குப் பயம் கிடையாது. இன்றைக்கு வராவிட்டால் நாளைக்கு வரும். நாளைக்கும் வராவிட்டால் அடுத்த வருஷம். ஆனால் இவர் கையை நான் விட்டு, அது அங்கேயே கிடந்தால்? நான் பிடித்திருக்கிற வரைக்கும் அது எழுதுகிற கை. விட்டால் என்ன கை என்று எனக்குத் தெரிந்துபோகும். எனக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தது. அவருக்காகத்தான் பிடித்திருந்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உன்னிடம்கூட இப்போதுவரை அப்படித்தான் சொன்னேன், இல்லையா?

அந்த விரல் கீழே இழுத்ததே. அது எங்கே போகப் பார்த்ததோ. நான் 'அ' தான் வேண்டும் என்று திருப்பித் திருப்பி இழுத்துக்கொண்டு வந்தேன்.

என்ன சத்தம் அது? உள்ளே. தரையில் அரிசி கொட்டிய சத்தம்தானே? நான் போய்ப் பார்க்கட்டுமா? தட்டைத் தட்டிவிட்டிருப்பார். அந்தப் பெண் தனியாக எப்படி... சரி. சரி. உட்காருகிறேன். பெனிட்டா சிரிக்கிற மாதிரி கேட்கிறதா உனக்கு? எனக்கு வலது காது கொஞ்சம் மந்தம்.

ஆமாம், சிரிக்கிறாள்.

ஏம்மா, இவ்வளவு நேரம் பேசிவிட்டேன், உன் பெயரைக்கூட நான் கேட்கவில்லையே. என்ன பெயர்? சொல்லு, நீயே சொல்லு, நான் குறுக்கே பேசவில்லை.

இசக்கியம்மாளா. நல்ல பெயர். உன் அப்பாவுக்கு என்ன வேலை? மெதுவாகச் சொல். இல்லை, பொறு, திரை அசைகிறது.

அவர்தான்.

தனியாக வருகிறார். அந்தப் பெண் பின்னாலேயே நிற்கிறாள், பிடிக்கவில்லை, பார்த்தாயா, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறார். அவர் வலது கையைப் பார். மணிக்கட்டு வரைக்கும் வெள்ளையாக இருக்கிறதே, அரிசி மாவா அது? என்னிடம் எழுதும்போது விரல் நுனியில் மட்டும்தான் ஒட்டும். மணிக்கட்டு வரைக்கும்! கை முழுசையும் உள்ளே விட்டிருக்கிறார். என்ன எழுதினாரோ. ஒன்றும் எழுதியிருக்க மாட்டார். அளைந்திருப்பார். அவள் முதலிலேயே அதைத்தானே சொன்னாள், அளைந்தால் போதும் என்று.

இல்லை, போனை எடுக்கவில்லை. பைக்குள் கை தானாகப் போகிறது, பழக்கதோஷம். எடுக்கவில்லை.

செருப்பு. வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு கிடக்கிறது பார், அதற்குத்தான் நிற்கிறார். பின்பக்கம் வார் வைத்த செருப்பு. இடது கால் போய்விடும். வலது கால்தான் பட்டைக்குள் நுழையாது. நான்தான் தினமும் குனிந்து மாட்டிவிடுவேன். காலைத் தூக்குகிறார். பட்டைக்கு வெளியே போகிறது. ஒரு எட்டு போனால் போதும், ஒரு நிமிஷத்தில் மாட்டிவிட்டு வந்துவிடுவேன், பாவம், கால் நடுங்குகிறது...

இசக்கியம்மா, என் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளேன். ஆமாம், இரண்டு கையையும்தான். இன்னும் அழுத்திப் பிடி. நான் அந்த ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். வெளியே வேப்பமரத்தில் ஏதோ இருக்கிறது.

நீயும் அவரை உற்றுப் பார்க்காதே. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். நான் எழுந்திருக்கப் பார்த்தாலும் விட்டுவிடாதே.